அதிகம் பாடினது யாரு? மேடைக்குப் பின்னால் ஒரு பஞ்சாயத்து

உள்ளே விட்டுவிட்டார்கள்! கீபோர்டு ஸ்டாண்டின் ஒரு காலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு நடந்தேன். குழுவில் ஒருத்தி என்று நினைத்து, தட்டி ஓரம் காவலுக்கு நின்ற தம்பி வழி விட்டுவிட்டான். வீரபாண்டி கௌமாரியம்மன் கோவில் சித்திரைத் திருவிழா. முல்லையாற்றங்கரையில் தீச்சட்டிக் கூட்டம், ராட்டினத்தில் ஏறினவர்களின் அலறல், எங்கோ ஒரு குழாயில் எல்.ஆர்.ஈஸ்வரியின் அம்மன் பாட்டு. நடுவில் ஒரு மெல்லிசைக் குழுவின் மேடை. மேடைக்கு முன்னால் மண்ணில் துண்டு விரித்து உட்கார்ந்து கச்சேரி கேட்காத ஆள் தேனிப் பக்கம் கிடையாது. பின்னால் போய்ப் பார்த்தவர்கள் கொஞ்சம்தான். இப்போது நானும் ஒருத்தி!

பின்னால் ஐந்து பிளாஸ்டிக் நாற்காலி, எட்டுப் பேர். தூக்குவாளியில் பருத்திப்பால். ஸ்பீக்கர் பெட்டி மேல் கண்ணாடியைச் சாய்த்து வைத்து, ஜிகினாச் சேலைக்குப் பின் குத்திக்கொண்டிருந்தார் பாடகி அக்கா. தபலா அண்ணன் தோலின் விளிம்பைச் சுத்தியலால் தட்டித் தட்டிச் சுருதி சேர்த்தார். இவர்கள் எல்லோருக்கும் நடுவில், தனி நாற்காலி போட்டு உட்கார்த்தி வைத்த மாதிரி, ஒரு நோட்டு. நீளமான கணக்கு நோட்டு, ஓரமெல்லாம் எண்ணெய்க் கறை. பாட்டின் முதல் வரி, படம், பாடியவர், ஸ்கேல், யார் பாட வேண்டும் என்பதெல்லாம் அதில் வரிசையாக எழுதியிருந்தது. ஒரு பக்கத்தில் சிவப்பு மையில் “இதை மாமா பாடக் கூடாது” என்று இருந்தது. எந்த மாமா என்று கேட்டேன். எல்லோரும் ஒரே நேரத்தில் பருத்திப்பால் குடித்தார்கள்.

முன்வரிசையிலிருந்து ஒரு சீட்டு வந்தது. நேயர் விருப்பம். “உலகத்திலேயே அதிகப் பாட்டுப் பாடிய எஸ்.பி.பி. பாட்டு ஒண்ணு போடவும்.” ரிதம் பேட் வாசிக்கிற தம்பி அதைச் சத்தமாகப் படித்துவிட்டு, தெரியாமல் ஒரு வார்த்தை சொன்னான்.

“எஸ்.பி.பி.யா? ஜானகி அம்மால்ல?”

அவ்வளவுதான். பற்றிக்கொண்டது!

கீபோர்டுக்கார அண்ணன் எழுந்தே விட்டார். “தம்பி, 40,000 பாட்டுடா. 16 பாஷை.” பாடகி அக்கா பின்னை வாயில் கவ்வியபடியே, “ஜானகி அம்மா 48,000” என்றார். கிடார்க்காரர், “யேசுதாஸ் 50,000” என்று ஏலத்தை ஏற்றினார். போடி ஏலக்காய் ஏலத்தில்கூட விலை இவ்வளவு வேகமாக ஏறாது. “ஒரு தரம், ரெண்டு தரம்” என்று நானும் கூவிவிட்டேன். அப்போதுதான் நான் குழு ஆள் இல்லை என்பதைக் கவனித்தார்கள். பரவாயில்லை, தூக்குவாளியிலிருந்து எனக்கும் ஒரு டம்ளர் வந்துவிட்டது.

ஒன்று சொல்ல வேண்டும். எண்ணை வைத்துச் சண்டை போடுவது கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்குப் பிறவிப் பழக்கம். 136, 142, 152 என்று மூன்று எண்ணைச் சொல்லிப் பாருங்கள். எதைப் பற்றி என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டாம், டீக்கடையே எழுந்து நிற்கும். பெரியாறு அணையின் அடிக்கணக்கு எங்களுக்குப் பிள்ளைகளின் பிறந்த தேதி மாதிரி. இருபோக சாகுபடிக்குத் தண்ணீர் திறக்கிற ஒவ்வொரு வருஷமும் செய்தியில் வருகிற பாசனப் பரப்பு 14,707 ஏக்கர். சும்மா பதினையாயிரம் என்று யாரும் சொல்வதில்லை. இப்படிக் கடைசி ஏழு ஏக்கர் வரை எண்ணிப் பழகிய ஊரில் வந்து “நாற்பதாயிரம், ஐம்பதாயிரம்” என்று உருட்டினால் விடுவோமா?

கைபேசியைக் கால்குலேட்டராக்கினேன். எஸ்.பி.பி. முதல் பாட்டைப் பதிவு செய்தது 1966 டிசம்பரில். மறைந்தது 2020 செப்டம்பர் 25. ஏறக்குறைய 54 வருஷம், நாள் கணக்கில் 19,600 சொச்சம். 40,000 பாட்டு என்றால் தீபாவளி, பொங்கல், காய்ச்சல், கல்யாணம் எதற்கும் லீவு போடாமல் தினம் இரண்டு பாட்டு! ஜானகி முதல் படத்தில் பாடியது 1957-இல். அறுபது வருஷம் என்று தாராளமாக வைத்தாலும் 48,000-க்குத் தினம் இரண்டுக்கும் மேல் வரும். (அவருக்கு 20,000 என்று சொல்கிறவர்களும் உண்டு. இரண்டு எண்ணுக்கும் நடுவில் இன்னொரு பெரிய பாடகியின் ஆயுள்காலப் பாட்டு முழுவதையும் வைத்துவிடலாம்.)

“முடியாதுன்றியா?” கீபோர்டு அண்ணன் விடவில்லை. “1981, பிப்ரவரி 8. பெங்களூரு. உபேந்திர குமார் இசை. காலை ஒம்பதுல இருந்து ராத்திரி ஒம்பது வரைக்கும் ஒரே நாள்ல 21 கன்னடப் பாட்டு!” இந்தத் தேதியை அவர் சொன்ன வேகத்தில் தன் கல்யாண நாளைச் சொல்வாரா என்பது சந்தேகம். 12 மணி நேரத்தை 21-ஆல் வகுத்தேன். ஒரு பாட்டுக்கு 34 நிமிஷம். அதற்குள் மெட்டைக் கேட்டு, வரியைத் தெலுங்கு எழுத்தில் எழுதிக்கொண்டு, ஒத்திகை பார்த்து, பாடி, தண்ணீர் குடித்து, அடுத்தது. எனக்குத் தலை சுற்றியது. ராட்டினமும் அப்போது சரியாக எங்கள் பக்கம் சுற்றி வந்தது.

இந்தச் சண்டை பழையது, பெரியவர்கள் போட்ட சண்டை. 1974-இல் கின்னஸ் புத்தகம் லதா மங்கேஷ்கர் பெயரைப் போட்டது: 1948-இலிருந்து 1974 வரை 25,000 பாட்டுக்குக் குறையாது என்று. நாளுக்கு இரண்டரைக்கும் மேல். முகமது ரஃபி சும்மா இருக்கவில்லை, அதை மறுத்துக் கின்னஸுக்குக் கடிதம் எழுதினார். 1980-இல் ரஃபி மறைந்த பிறகு வந்த 1984 பதிப்பில் லதாவின் பெயருக்குப் பக்கத்திலேயே, ரஃபி தான் பாடியதாகச் சொன்ன 28,000-மும் அச்சேறியது. 1991-இல் அந்தப் பதிவையே எடுத்துவிட்டார்கள். எண்ண உட்கார்ந்தவர்களுக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? லதாவின் இந்திப் பாட்டுகள் 5,000-ஐ ஒட்டி, ரஃபியின் இந்திப் படப் பாட்டுகள் 4,500-ஐ ஒட்டி! 28,000-க்கும் இதற்கும் நடுவில் ஒரு வைகை அணையையே கட்டலாம். லதாவோ, தான் கணக்கெல்லாம் வைத்துக்கொண்டதில்லை என்று சொல்லிவிட்டார். பாடுகிறவர் எங்கே எண்ணிக்கொண்டிருப்பார்? நம் வீட்டில் அம்மா சுட்ட தோசையை யார் எண்ணியது?

2011-இல் கின்னஸ் தங்கை ஆஷா போஸ்லேவுக்குப் பட்டம் கொடுத்தது, 11,000 வரை என்று. அடுத்து 2016-இல் நம் பி.சுசீலா. எண்ணைப் பாருங்கள்: 17,695. பூஜ்யத்தில் முடியாத எண்! ரசிகர்கள் உட்கார்ந்து ஒவ்வொரு பாட்டாகப் பட்டியல் போட்டதில் வந்த எண். 17,695 என்று நான் சொன்னதும் பின்மேடையில் ஒரு நிமிஷம் அமைதி. 14,707 கேட்டுப் பழகிய காதுகளுக்கு அந்த ஐந்துதான் பிடித்தது. “ஐஞ்சு வரைக்கும் எண்ணிருக்காங்களே, அப்ப உண்மையாத்தான் இருக்கும்” என்றார் தபலா அண்ணன். தீர்ப்பு கிட்டத்தட்ட ஆகிவிட்டது.

ஆனால் எதை ஒரு பாட்டு என்பது? இங்கேதான் சண்டை இனித்தது! ஒரே மெட்டைத் தமிழிலும் தெலுங்கிலும் பாடினால் ஒன்றா, இரண்டா? படத்தில் முதலில் சந்தோஷமாக வந்து, இடைவேளைக்குப் பிறகு அதே பாட்டு சோகமாக வருமே, அது? “சோகத்துக்குத் தனிச் சம்பளம் வாங்கிருப்பாங்கள்ல, அப்ப ரெண்டு” என்றார் அக்கா. டூயட்டில் பாதிதானே பாடுகிறார்கள், அரை என்று போடலாமா? வெறும் ஹம்மிங்? அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. “ஹம்மிங் பாடிப் பாருங்க, அப்பத் தெரியும். வார்த்தை இருந்தா மூச்சு வாங்க இடம் கிடைக்கும்.” நான் உடனே ஹம்மிங்குக்கு ஒன்றரை மார்க் போட்டேன்.

அப்போது கரன்ட் போனது.

இருட்டில் கூட்டம் ஓவென்று கத்த, தபலா அண்ணன் சிரிக்கிற சத்தம் கேட்டது. “நல்ல சகுனம்! அன்னக்கிளி முதல் ரெக்கார்டிங்லயும் கரன்ட் போச்சுல்ல!” இளையராஜாவே மேடைகளில் சொல்லிச் சிரிக்கிற கதை அது. 1976, முதல் படம், முதல் பாட்டுப் பதிவு, எல்லாம் தயார் என்ற நொடியில் மின்சாரம் போனது. அபசகுனம் என்று முணுமுணுத்தவர்கள் பிற்பாடு என்ன சொல்லியிருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஜெனரேட்டர் உறுமி விளக்கு வந்தபோது பேச்சு பண்ணைப்புரத்துக்குப் போயிருந்தது. போகாமல் இருக்குமா? கோம்பையிலிருந்து தேவாரம் போகிற வழியில், மேற்கு மலை அடிவாரத்தில் இருக்கிற இளையராஜாவின் சொந்த ஊர்.

இங்கேயும் கால்குலேட்டரைத் தட்டினேன். அன்னக்கிளி 1976. நூறாவது படம் மூடுபனி, 1980. ஐந்நூறாவது அஞ்சலி, 1990. ஆயிரமாவது தாரை தப்பட்டை, 2016. நடுவில் உள்ள பத்து வருஷத்தை மட்டும் எடுங்கள்: 400 படம். ஒன்பது நாளைக்கு ஒரு படம்! ஒவ்வொன்றுக்கும் பாட்டு மட்டும் போதாது, பின்னணி இசையும் வேண்டும். பன்னீர் திராட்சைக் கொடி வருஷம் முழுக்கக் காய்க்கிற மண் இது என்று கம்பத்துக்காரர்கள் பெருமை பேசுவார்கள். சரிதான், கொடி மட்டுமா காய்க்கிறது!

அந்த ஒன்பது நாள் எப்படி ஓடியிருக்கும்? காலை ஏழு மணிக்கு ஸ்டுடியோவில் ஆர்மோனியப் பெட்டி. இயக்குநர் சூழலைச் சொல்வார், ராஜா மெட்டைச் சொல்வார், பாட்டெழுதுகிறவர் தலையைச் சொறிவார். பிறகு வாத்தியத்தைத் தொடாமலே, கடிதம் எழுதுகிற மாதிரி, வயலினுக்கு இது, குழலுக்கு இது, பேஸ் கிடாருக்கு இது என்று தாளில் எழுதிக்கொண்டே போவார். உதவியாளர்கள் பகுதி பகுதியாகப் படி எடுத்து வாசிப்பவர்களின் ஸ்டாண்டில் வைப்பார்கள். ஒத்திகை. பாடுகிறவர் வந்து வரியை எழுதிக்கொள்வார். பாட்டும் வாத்தியமும் ஒரே நேரத்தில் ஓடிய அந்தக் காலத்தில், மூன்றாம் வரிசை வயலின் ஒன்று வழுக்கினால் எல்லோருக்கும் மறுபடி முதலிலிருந்து. சாயங்காலம் பாட்டு முடிந்துவிடும். மறுநாள் வேறு படம்.

மொத்தம் எத்தனை பாட்டு? 7,000-க்கு மேல் என்பார்கள். பாட்டுக் கம்பெனிகளோடு நடந்த காப்புரிமை வழக்குகளில் 4,500 பாட்டு என்ற எண் அடிபட்டது. ஆயிரம் படத்துக்கு ஐந்து பாட்டு என்று வைத்தால் 5,000, ஏழு என்று வைத்தால் 7,000. என்னைக் கேட்டால் ஐந்துக்கும் ஏழுக்கும் நடுவில் எங்கேயோ நிற்கலாம். அதிலும் ஒரு வேடிக்கை: 1980-இல் வந்த நிழல்கள் படத்துக்கு இயக்குநர் அல்லிநகரத்துப் பாரதிராஜா, இசை பண்ணைப்புரம், முதன்முதலாகப் பாட்டெழுத வந்தவர் வடுகபட்டியில் வளர்ந்த வைரமுத்து. மூன்று ஊரும் ஒரே மாவட்டம். வைரமுத்துவின் கணக்கும் ஆயிரங்களில் ஓடுகிறது. (ராஜாவும் அவரும் ஏன் பிரிந்தார்கள் என்று பின்மேடையில் ஒரு விளக்கம் கிடைத்தது. எழுத மாட்டேன். திருவிழா நேரம்.)

வெளிநாட்டையும் ஒரு கை பார்த்தோம். உலகத்தையே ஆட்டி வைத்த பீட்டில்ஸ் பதிவு செய்து வெளியிட்டது இருநூற்றுச் சொச்சம் பாட்டுதான் என்றதும் பேட் தம்பிக்கு அவர்கள் மேல் பரிதாபமே வந்துவிட்டது. “இன்னும் கொஞ்ச நாள் இருந்திருக்கலாம்ணே.” அமெரிக்காவில் பக்கெட்ஹெட் என்று ஒரு கிடார்க்காரர், முகமூடி போட்டு, கோழிக்கறி விற்கிற காகித வாளியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வாசிப்பார். 300-க்கும் மேல் ஆல்பம். மேட் ஃபார்லி என்று இன்னொருவர் 20,000 பாட்டுக்கு மேல் தானே எழுதித் தானே பாடி வலையேற்றியிருக்கிறார்; ஆட்களின் பெயரைச் சொல்லிப் பிறந்தநாள் பாட்டு, கழிப்பறையைப் பற்றிப் பாட்டு. “அதெல்லாம் கணக்குல வராது” என்று அக்கா ஒரே வார்த்தையில் தள்ளுபடி செய்தார். எனக்கு மனசு கேட்கவில்லை. பாட்டு பாட்டுதானே?

எல்லாக் கட்சியும் பேசி ஓய்ந்தபோதுதான் தபலா அண்ணன் சுத்தியலைக் கீழே வைத்தார்.

“சரி. எஸ்.பி.பி. பாடினாரு. ஜானகி அம்மா பாடினாங்க. யேசுதாஸ் பாடினாரு. சுசீலாம்மா பாடினாங்க. அம்புட்டுப் பேருக்கும் ஒரே ஆளுதானப்பா தபலா வாசிச்சான். அப்ப யாரு அதிகம்?”

அடடா! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இவ்வளவு நேரம் முன்மேடையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம், உட்கார்ந்திருந்ததோ பின்மேடையில்! பாடகர் ஒரு பாட்டுக்கு வந்துவிட்டுப் போய்விடுவார். வயலின்காரர் காலை கால்ஷீட் முடித்து, சாப்பிட்டு, மதியக் கால்ஷீட்டுக்கு அதே நாற்காலிக்கோ அடுத்த ஸ்டுடியோவுக்கோ போவார். நாளுக்கு இரண்டு பாட்டு, வருஷத்தில் 300 நாள், 25 வருஷம்: 15,000. இது என் கால்குலேட்டர் கணக்கு, பின்னணி இசையைச் சேர்க்கவே இல்லை. அமெரிக்காவில் இப்படிப்பட்டவர்களை எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். ஹால் பிளேன் என்ற டிரம்ஸ் கலைஞர் வாசித்த பதிவுகள் 35,000 என்பார்கள். கேரல் கே என்ற அம்மா பேஸ் கிடார் வாசித்த பதிவுகள் 10,000 என்பார்கள். ரசிகர்களுக்கு வெகுகாலம் அவர்கள் பெயரே தெரியாது.

நமக்குத் தெரிந்தது எத்தனை பெயர்? ராஜாவின் இசைக்குழுவை நடத்திய டிரம்ஸ் புருஷோத்தமன், வயலின் வி.எஸ்.நரசிம்மன், கிடார் சதானந்தம், கீபோர்டு விஜி மானுவேல், அருண்மொழி என்ற பெயரில் பாடவும் செய்த குழல் நெப்போலியன். தீவிர ரசிகர்கள் இன்னும் பத்துப் பெயர் சொல்லலாம். மற்றவர்கள் மூன்றாம் வரிசை, நான்காம் வரிசை. கேசட் அட்டையில் படம் உண்டு, பாடகர் பெயர் உண்டு, கம்பெனி விலாசம் உண்டு, இவர்கள் இல்லை.

கிடார்க்காரர் இதற்கும் ஒரு படி மேலே போனார். “பதிவே ஆகாத பாட்டை எதுல சேர்ப்பீங்க?” பாவலர் வரதராஜனைச் சொன்னார். ராஜாவின் அண்ணன். 1958-இல் தேவிகுளம் இடைத்தேர்தல். போடிமெட்டு ஏறி இறங்கினால் வருகிற எஸ்டேட் பகுதி, ஓட்டுப் போடுகிறவர்களில் ஏகப்பட்ட பேர் தமிழ்த் தொழிலாளர்கள். கம்யூனிஸ்ட் கட்சிக்காகப் பாவலர் மலைமேல் போய் ஊர் ஊராகப் பாடினார், சினிமா மெட்டில் அரசியல் வரி போட்டு. ரோசம்மா புன்னூஸ் ஜெயித்தார். அந்த வெற்றியில் பாவலரின் பாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு என்று இந்தப் பக்கம் இன்றைக்கும் சொல்வார்கள். ஆர்மோனியப் பெட்டியோடு அண்ணன் பின்னால் சுற்றித்தான் ராஜா மேடையையே பார்த்தார். பாவலர் எத்தனை பாட்டுப் பாடியிருப்பார்? அங்கே மைக் இருந்தது, டேப் இல்லை.

“அடுத்து நம்ம செட்டுதான், ஏறுங்கப்பா!” என்று யாரோ கத்த, எல்லோரும் எழுந்தார்கள். அக்கா கடைசிப் பின்னைக் குத்தினார். பஞ்சாயத்து பாதியில் நின்றது. ஆகையால் தீர்ப்பை நானே எழுதிவிடுகிறேன். பாடியவர்களில் சுசீலா, ஏனென்றால் அவருடையது மட்டும்தான் ஒற்றை இலக்கம் வரை எண்ணிய கணக்கு. இசையமைத்தவர்களில் பண்ணைப்புரம், மேல்முறையீடு கிடையாது. மொத்தத்தில் முதலிடம் தபலா அண்ணன் சொன்ன அந்தப் பெயர் தெரியாத ஆளுக்கு. எஸ்.பி.பி. ரசிகர்கள் என்னைத் திட்டலாம், எனக்கும் அவர் பாட்டு போட்டால்தான் தூக்கம் வரும்.

அன்றைக்கு மேடையில் 31 பாட்டு. சீட்டுப் போட்டவருக்கு எஸ்.பி.பி. பாட்டு ஒன்பதாவதாக வந்தது. எந்த மாமா என்பதும் பதினேழாவது பாட்டில் தெரிந்துவிட்டது.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டுத் தாத்தாவோ பெரியப்பாவோ கோடம்பாக்கத்தில் வயலினோ தபலாவோ வாசித்தவராக இருந்தால், பரணில் அவருடைய பழைய டைரிகள் கிடக்கும். தேதி, ஸ்டுடியோ, கால்ஷீட், வாங்கிய பணம் என்று ஒவ்வொரு நாளுக்கும் ஒரு வரி எழுதியிருப்பார். பொங்கலுக்குப் பரணை ஒழிக்கும்போது அதைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். எண்ணிப் பாருங்கள்.